யாருடைய மேசை, யாருடைய வீடு

அலுவலகக் கட்டடங்களை நிர்வகிப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பிற்பகலில் மாடி மாடியாக நடந்து, எத்தனை நாற்காலியில் ஆள் இருக்கிறது, எத்தனை காலி என்று எண்ணிக்கொண்டு போவார்கள். விடுப்பில் இருப்பவர், மீட்டிங்குக்குப் போனவர், வெளியூர்ப் பயணத்தில் இருப்பவர், டீ குடிக்கக் கீழே இறங்கியவர் என்று எந்த நேரத்திலும் கணிசமான இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும். ஆனால் வாடகை, குளிர்சாதனம், மின்சாரம், காவல், துப்புரவு எல்லாம் அந்தக் காலி நாற்காலிக்கும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. அப்படியானால் நூறு பேருக்கு நூறு மேசை எதற்கு, எழுபது போதாதா? ஹாட் டெஸ்க் என்ற முறை முழுவதும் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். காலையில் வருபவர் காலியாக உள்ள ஏதோ ஒரு மேசையில் அமர்கிறார். மாலையில் தான் வந்து போன சுவடே தெரியாமல் அதை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்.

2020-க்குப் பிறகு இதோடு இன்னொன்று சேர்ந்தது. கொரோனா ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகு பல நிறுவனங்கள் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீடு என்று ஏதோ ஒரு கலவைக்கு வந்து சேர்ந்தன. பேச்சில் இவை இரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகளாகவே தோன்றுகின்றன: மேசையைப் பகிர்வது நிறுவனத்தின் சிக்கனம், வீட்டிலிருந்து வேலை என்பது ஊழியருக்குக் கிடைத்த சலுகை. உண்மையில் இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள். வீட்டில் இருப்பவருக்கு மேசை வேண்டாம் என்பதால் மேசைகள் குறைகின்றன. மேசைகள் குறைந்துவிட்டதால் குறிப்பிட்ட நாள்களில் வீட்டில் இருந்தே ஆக வேண்டியிருக்கிறது. மாத முடிவில் மிச்சமாவது கட்டட வாடகை. அந்த வேலைக்கு வேண்டிய இடமோ எங்கும் மறைந்துவிடவில்லை. அது ஊழியரின் வீட்டுக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடமாற்றம் யாருக்கு நன்மை, யாருக்குச் சுமை என்று பார்க்கும்போது எனக்குத் தெரியவருவது ஒன்று. அலுவலகம், வீடு ஆகிய இரண்டில் ஓரிடத்திலாவது தன் வேலைக்கென்று தனக்கே உரிய இடம் இருப்பவர் மற்றோர் இடத்தில் அது இல்லாததைச் சமாளித்துக்கொள்கிறார். இரண்டிலும் இல்லாதவரால் முடிவதில்லை. கடந்த முப்பது ஆண்டுகளில் நடந்த சோதனைகளும் ஆய்வுகளும் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன என்று நினைக்கிறேன்.

மேசையைப் பகிர்வது சென்னைக்கு முழுக்கப் புதிதல்ல. 2000-களின் தொடக்கத்தில் இங்கே கால் சென்டர்களும் பி.பி.ஓ. நிறுவனங்களும் பெருகியபோதே ஒரு சீட்டில் இரண்டு ஷிப்ட் என்பது வழக்கமாகிவிட்டது. இரவு ஷிப்ட்காரர் எழுந்த நாற்காலியில் சூடு ஆறுவதற்குள் பகல் ஷிப்ட்காரர் உட்காருவார். ஹெட்செட் மட்டும் அவரவருடையது. ஆனாலும் அங்கே ஒரு நிலைத்தன்மை இருந்தது. ஷிப்ட் முன்கூட்டியே தெரியும். உட்காரும் பகுதி பெரும்பாலும் அதேதான். பக்கத்து நாற்காலியில் அதே டீம் ஆள். டீம் லீடர் கூப்பிடு தூரத்தில். மேசை பொதுவாக இருந்தாலும் அக்கம்பக்கம் கலையவில்லை. இன்றைய ஹாட் டெஸ்க் முறை கலைப்பது அந்த அக்கம்பக்கத்தைத்தான். செயலியில் சீட் புக் செய்து வந்தால் ஒரு நாள் நாலாவது மாடி, மறுநாள் ஏழாவது மாடி. பக்கத்தில் இருப்பவர் எந்தப் புராஜெக்ட், என்ன பெயர் என்றே தெரியாது.

மேசையே இல்லாத அலுவலகம் என்ற யோசனை உலகம் பார்க்கச் சோதிக்கப்பட்டு உடைந்தது லாஸ் ஏஞ்சலிஸில். ஆப்பிள் நிறுவனத்தின் புகழ்பெற்ற 1984 விளம்பரத்தை உருவாக்கிய ஷையட்/டே என்ற விளம்பர நிறுவனத்தின் தலைவர் ஜே ஷையட், 1993-ல் தன் ஊழியர்களுக்கு இனி தனி அறையோ தனி மேசையோ கிடையாது என்று அறிவித்தார். ஃபிராங்க் கெரி வடிவமைத்த அவர்களுடைய கட்டடம், முகப்பில் ராட்சத பைனாகுலர் சிற்பத்துடன் ஏற்கெனவே கட்டடக்கலை உலகில் பேசப்பட்ட ஒன்று. 1994 முதல் ஊழியர்கள் காலையில் வந்ததும் ஒரு கவுன்ட்டரில் மடிக்கணினியும் தொலைபேசியும் வாங்கிக்கொண்டு, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். சொந்தப் பொருள்களுக்கு ஒரு சிறு லாக்கர்.

நடந்தது என்னவென்றால், ஆள்களை விடக் கருவிகள் குறைவாக இருந்ததால் காலையிலேயே அவற்றுக்குப் போட்டி. பக்கத்தில் குடியிருந்தவர்கள் விடியற்காலையில் வந்து மடிக்கணினியை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பிப்போய்த் தூங்கினார்கள். கோப்புகளை வைக்க இடமில்லாமல் காரின் டிக்கியை அலமாரியாக்கிக்கொண்டு, தேவைப்பட்டபோதெல்லாம் வாகன நிறுத்துமிடத்துக்கு ஓடியவர்கள் உண்டு. மேலதிகாரிகள் தங்கள் பதவியைக் காட்டி இளையவர்களின் இருக்கையைப் பறித்தார்கள். தன் டீம் ஆள் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுவதிலேயே நேரம் போயிற்று. சிலர் வருவதையே நிறுத்திவிட்டார்கள். 1995-ல் நிறுவனம் ஆம்னிகாம் குழுமத்துக்கு விற்கப்பட்டது. 1998-ல் வேறு கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தபோது ஒவ்வொருவருக்கும் மீண்டும் ஒரு மேசை வந்தது.

அதே பத்தாண்டில் நெதர்லாந்தின் டில்பர்க் நகரில் இன்டர்போலிஸ் என்ற காப்பீட்டு நிறுவனமும் சொந்த மேசைகளை ஒழித்தது. எரிக் வெல்தோவன் என்ற ஆலோசகர் அதற்கு வழிகாட்டினார். அங்கே அது நிலைத்தது. உலகெங்கும் இருந்து வந்து பார்க்கும் முன்மாதிரியாகவும் ஆயிற்று. வேறுபாடு எங்கே இருந்தது? ஷையட் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுதந்திரம் என்ற சொல்லை வைத்தார். இன்டர்போலிஸோ வேலைகளைப் பிரித்துப் பார்த்தது: தனியாகக் கவனம் குவித்துச் செய்வதற்கு அமைதியான சிற்றறை, நான்கு பேர் கூடிப் பேசுவதற்கு வட்ட மேசை, தொலைபேசிக்கு ஒரு மூலை, காகிதம் வைக்க ஒழுங்கான பெட்டகம். ஒரு மேசையை இழந்தவருக்கு அங்கே பல வகை இடங்கள் கைக்கு வந்தன. இந்தியாவில் இந்த முறையை இறக்குமதி செய்தவர்களில் பலர் இன்டர்போலிஸின் பெயரைச் சொல்லி ஷையட்டின் அலுவலகத்தைக் கட்டினார்கள் என்பது என் கருத்து. மேசை விகிதத்தை எடுத்துக்கொண்டார்கள், சிற்றறைகளை விட்டுவிட்டார்கள். அதனால்தான் கிளையன்ட் காலில் பேச மாடிப்படியில் நின்றுகொண்டிருக்கும் ஆள்களைப் பல வளாகங்களில் பார்க்க முடிகிறது.

சொந்த மேசை என்பது வெறும் பழக்கதோஷம், நாளடைவில் மறந்துவிடும் என்று சொல்பவர்கள் ஓர் ஆய்வைக் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் கிரெய்க் நைட், அலெக்ஸ் ஹாஸ்லம் இருவரும் 2010-ல் வெளியிட்டது. அலுவலக வேலையை ஒத்த பணிகளை நான்கு வகை இடங்களில் செய்ய வைத்தார்கள். முதலாவது, வேலைக்கு வேண்டியதைத் தவிர எதுவுமில்லாத வெறும் மேசை. இரண்டாவது, செடிகளும் படங்களும் ஏற்கெனவே வைக்கப்பட்ட இடம். மூன்றாவதில் அதே செடிகளையும் படங்களையும் பங்கேற்பவரிடம் கொடுத்து, விருப்பப்படி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான்காவதிலும் அப்படியே செய்யச் சொல்லிவிட்டு, பிறகு ஆய்வாளர் வந்து எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி வைத்தார்.

தாங்களே அமைத்துக்கொண்டவர்கள் வெறும் மேசைக்காரர்களைவிடச் சுமார் 30 சதவீதம் அதிகம் வேலை செய்தார்கள். கவனத்துக்குரியது நான்காவது குழு. அவர்கள் கண்முன்னேயும் செடி இருந்தது, படம் இருந்தது. ஆனால் தாங்கள் அமைத்ததை வேறொருவர் கலைத்துவிட்டதும் கூடுதல் செயல்திறன் காணாமல் போய்விட்டது. அழகான இடத்துக்கும் ஆளுகை உள்ள இடத்துக்கும் உள்ள வேறுபாடு இது. ஹாட் டெஸ்க் அலுவலகங்கள் பொதுவாக அழகானவை; வண்ணச் சோபாக்களும் தொங்கும் விளக்குகளும் உள்ளவை. நாற்காலியின் உயரத்தை நேற்று சரிசெய்ததை இன்று மறுபடியும் சரிசெய்ய வேண்டியிருக்கும் என்பதுதான் அங்குள்ள குறை. முதுகுவலிக்காரருக்கும், பார்வைக் குறைபாட்டால் மானிட்டரைத் தனி விதமாக வைத்துக்கொள்பவருக்கும், சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அது தினமும் நடக்கும் ஒரு சிறு போராட்டம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 தக்க வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. முன்பதிவுச் செயலியில் அதற்கென்று ஒரு மேசையை நிலையாக ஒதுக்கி வைத்தால் அது பாதித் தீர்வாவது ஆகும்.

மேசைக்கு உரிமையாளர் இல்லாவிட்டால் எல்லோரும் சமம் ஆகிவிடுவார்கள் என்பது இந்த முறைக்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. அலிசன் ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் ஒரு பொதுத்துறை அமைப்பில் நெருங்கி இருந்து கவனித்து 2011-ல் எழுதியது வேறு மாதிரி இருந்தது. சீக்கிரம் வர முடிந்தவர்கள் தினமும் ஒரே மேசையைப் பிடித்து மெல்ல மெல்ல அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். முடியாதவர்கள் நாள்தோறும் இடம் தேடி அலைந்தார்கள். குடியிருப்போர், நாடோடிகள் என்று இரண்டு கூட்டம் உருவாகிவிட்டது. யார் சீக்கிரம் வர முடியும் என்பதை யோசித்தால் இதன் பொருள் விளங்கும். பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மேடவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருபவர் முதல் ஆளாக வர மாட்டார். ரேச்சல் மோரிசனும் கீத் மேக்கியும் ஆயிரம் ஆஸ்திரேலிய ஊழியர்களிடம் கேட்டு 2017-ல் வெளியிட்ட முடிவும் இதே திசையைச் சுட்டுகிறது. இடம் எந்த அளவுக்குப் பொதுவாகிறதோ அந்த அளவுக்குக் கவனச் சிதறலும் ஒருவர்மேல் ஒருவருக்கு அவநம்பிக்கையும் அதிகமாகத் தெரிந்தன. சேர்ந்து உட்காருவதால் வளரும் என்று எதிர்பார்த்த நட்பு வளரவில்லை.

அலுவலகத்துக்கு ஆள்களை வரவழைப்பதற்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் சேர்ந்து வேலை செய்வது, கற்றுக்கொள்வது. இந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. எம்.ஐ.டி.யின் தாமஸ் ஆலன், பொறியாளர்கள் யாரோடு எவ்வளவு பேசுகிறார்கள் என்பதை அளந்து 1977-ல் ஒரு நூல் எழுதினார். மேசைகளுக்கு இடையே தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது. சில பத்து மீட்டர்களுக்கு அப்பால் இருப்பவர் வேறு கட்டடத்தில் இருப்பவருக்குச் சமம் என்று அவருடைய வரைபடம் காட்டியது. சமீபத்தில் நடாலியா இமானுவேல், எம்மா ஹாரிங்டன், அமாண்டா பலாய்ஸ் மூவரும் ஒரு பெரிய அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை ஆராய்ந்தார்கள். டீம் முழுவதும் ஒரே கட்டடத்தில் இருந்தபோது, ஒருவர் எழுதிய நிரல்மேல் மற்றவர்கள் கொடுத்த கருத்துகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகம். இளையவர்களுக்கு அதனால் பெரும் பயன். அனுபவசாலிகளுக்கோ சொல்லிக் கொடுப்பதில் நேரம் போய்த் தங்கள் வேலை குறைந்தது.

ஆலன் அளந்ததும் இவர்கள் அளந்ததும் தன் டீமுக்கு அருகில் இருப்பதன் பயனை. அறிமுகமில்லாதவர்கள் நிரம்பிய மாடியில் இருப்பதன் பயனை அல்ல. ஏழாவது மாடியில் தனியாக உட்கார்ந்து, வெவ்வேறு இடங்களில் இருக்கும் சகாக்களோடு டீம்ஸ் காலில் பேசுவதற்காக ஒன்றரை மணி நேரம் ஓ.எம்.ஆர். நெரிசலைக் கடந்து வந்த ஒருவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. சுவர்களை எடுத்துவிட்டால் பேச்சு பெருகும் என்பதும் தானாக நடப்பதில்லை. ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், தடுப்புகளை அகற்றித் திறந்த அலுவலகத்துக்கு மாறியபோது நேருக்கு நேர் பேசுவது 70 சதவீதம் அளவுக்குக் குறைந்து, மின்னஞ்சல் கூடியது. எல்லோர் கண்ணும் படும் இடத்தில் மனிதர்கள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தங்களுக்கு ஒரு சுவரை எழுப்பிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் இருக்கிறது. நூறு பேர், ஆளுக்கு வாரம் மூன்று நாள் அலுவலகம். மொத்தம் முந்நூறு வருகை, ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு அறுபது. ஆகவே எழுபது மேசை தாராளம் என்று தோன்றும். ஆனால் திங்களும் வெள்ளியும் யாருக்கும் பிடிக்காது. ஊருக்குப் போய்த் திரும்புபவர்களுக்கு அந்த இரு நாள்கள்தான் வீட்டிலிருந்து வேலைக்குத் தோதானவை. எல்லோரும் செவ்வாய், புதன், வியாழன் வந்தால் எழுபது மேசையில் நூறு பேர். சரி, டீம்களுக்கு நாள் ஒதுக்கலாம் என்றால், ஐம்பது ஐம்பதாக இரண்டு டீம் இருக்கும்போது முதல் டீம் திங்கள் முதல் புதன், இரண்டாவது டீம் புதன் முதல் வெள்ளி என்று வைத்தாலும் புதன்கிழமை நூறு பேர் வந்து நிற்பார்கள். ஐந்து நாளில் மூன்று மூன்று நாளாக எப்படி எடுத்தாலும் ஒரு நாளாவது மோதாமல் இருக்காது. டீம்கள் சிறியவையாக, பலவாக இருந்து, சிலர் திங்களையும் வெள்ளியையும் மனமுவந்து ஏற்றால்தான் அறுபது என்ற எண் கிடைக்கும்.

அதாவது, ஆள்களை ஒரே நாளில் கூட்டினால்தான் அலுவலகத்துக்கு வருவதில் அர்த்தம். ஆள்களைப் பல நாள்களில் சிதறடித்தால்தான் மேசைச் சிக்கனம். இரண்டையும் ஒரே சுற்றறிக்கையில் கேட்கும் நிறுவனம் எதைக் கேட்கிறோம் என்று யோசிக்கவில்லை. இந்த முரணைத் தீர்க்க நிறுவனங்கள் பெரும்பாலும் நாடுவது கண்காணிப்பை. ஸ்வைப் பதிவுகள், மாத வருகை விழுக்காடு, இருக்கை உணரிகள். 2016 ஜனவரியில் லண்டனின் டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் ஊழியர்கள் காலையில் வந்து பார்த்தபோது மேசைக்கு அடியில் ஆள் இருப்பதைக் கண்டறியும் கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் அன்றே அவை கழற்றப்பட்டன.

இனி வீட்டுப் பக்கம். வீட்டிலிருந்து வேலை செய்வதைப் பற்றி உலகெங்கும் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஷாங்காயில் நடந்தது. ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் சகாக்களும் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் கால் சென்டரில் 2010 இறுதி முதல் ஒன்பது மாதம் நடத்திய சோதனை அது. விரும்பி முன்வந்தவர்களில் பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்கள் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தார்கள். செயல்திறன் 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போவது பாதியாகக் குறைந்தது. ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நிறுவனத்துக்கு மிச்சம். இந்த எண்கள் எல்லா மேடையிலும் சொல்லப்படுகின்றன. இரண்டு விவரங்கள் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. சோதனையில் சேர்வதற்கு வீட்டில் வேலைக்கென்று தனி அறை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சோதனை முடிந்து விருப்பம் கேட்டபோது வீட்டிலிருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினார்கள்.

தனி அறை என்ற நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு விடை சென்னையிலிருந்து வந்தது. டேவிட் அட்கின், அன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே மூவரும் இங்கே டேட்டா என்ட்ரி ஊழியர்களைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பிரித்து நடத்திய சோதனை 2023-ல் ஆய்வறிக்கையாக வெளியானது. வீட்டில் இருந்தவர்களின் செயல்திறன் அலுவலகத்தில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவு. அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளிலேயே தெரிந்தது. மீதி, அலுவலகத்தில் இருந்தவர்கள் வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்த வித்தியாசம்.

ஆனால் இந்த ஆய்வின் சாரம் அடுத்த இரண்டு எண்களில் இருக்கிறது. வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பியவர்கள் தொடக்கத் தேர்விலேயே மற்றவர்களைவிட 12 சதவீதம் வேகமும் துல்லியமும் உள்ளவர்கள். அவர்கள் திறமைக் குறைவால் வீட்டைத் தேடியவர்கள் அல்லர். அதே ஆள்கள் வீட்டில் வேலை செய்தபோது, அலுவலகத்தில் அவர்களால் முடிந்திருக்கக்கூடியதைவிட 27 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். அலுவலகத்தை விரும்பியவர்களுக்கு அந்த வீழ்ச்சி 13 சதவீதம்தான். எந்த இடத்தில் தங்களுக்கு மிகவும் நட்டமோ அந்த இடத்தையே ஏன் கேட்டார்கள்? குழந்தை இருந்தது, பார்த்துக்கொள்ள வேண்டிய பெரியவர் இருந்தார், வறுமை இருந்தது என்று ஆய்வாளர்கள் காரணங்களில் ஒரு பகுதியைக் கண்டார்கள். வீட்டை விட்டு வெளியே வர முடியாததால் வீட்டைத் தேர்ந்தார்கள். அதே காரணத்தால் வீட்டில் வேலை ஓடவில்லை. நம் ஊரில் வீட்டிலிருந்து வேலை என்பதைப் பற்றி எழுதப்பட்டதிலேயே இதைவிடத் துல்லியமான சித்திரத்தை நான் வாசித்ததில்லை.

இந்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். 2024 கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் அது 299, 97 என்று இருந்தது. கொரோனா வந்து போய், இலட்சக்கணக்கான ஆண்கள் மாதக்கணக்கில் வீட்டில் இருந்த பிறகும் ஆண்களின் பங்கு கூடவில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்திருக்கும் மருமகள், வீட்டார் பார்வையில், வீட்டில் இருக்கும் மருமகள்தான். குக்கர் விசிலுக்கும் காலிங் பெல்லுக்கும் அவள்தான் எழுந்து போகிறாள். அவளுக்கு அலுவலக மேசை என்பது நாளில் எட்டு மணி நேரம் யாரும் குறுக்கிடாத, உலகத்திலேயே அவளுக்கென்று இருந்த ஒரே இடமாக இருந்திருக்கலாம். அந்த மேசையை எடுத்துவிட்டு, இரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்று சொல்வதைச் சலுகை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

மறுகோடியில் துரைப்பாக்கத்திலும் நாவலூரிலும் பி.ஜி.யில் தங்கியிருக்கும் இளைஞர்கள். ஓர் அறையில் மூன்று கட்டில், ஒரு மின்விசிறி, மேசை கிடையாது. கட்டிலில் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் லேப்டாப். அலுவலகம் போனால் பெயரில்லாத சீட். நாகர்கோவிலிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ முதல் வேலைக்கு வந்த ஒருவருக்கு, வேலையைச் சொல்லித்தர ஆள் மிகவும் தேவைப்படும் முதல் இரண்டு ஆண்டில், தங்குமிடத்திலும் இடமில்லை, வேலையிடத்திலும் இடமில்லை. இந்த ஏற்பாட்டில் சுகமாக இருப்பவர் யார் என்றால், தனி அறையும் நல்ல இணையமும் இன்வெர்ட்டரும் உள்ள சொந்த வீட்டுக்காரர், பதினைந்து ஆண்டு அனுபவமுள்ளவர், யாரைக் கேட்க வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவர். கொள்கையை வகுப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

சட்டமும் நிறுவனங்களும் இந்த ஐந்தாறு ஆண்டில் முன்னும் பின்னும் ஆடியதையும் சொல்ல வேண்டும். 2020 வரை கால் சென்டர் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்ய விடுவதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் கடும் நிபந்தனைகள் இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில் அவை தளர்ந்தன. சிறப்புப் பொருளாதார மண்டலங்களில் 2022 ஜூலையில் கொண்டுவரப்பட்ட விதி, பாதிப் பேர் வரை ஓராண்டுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அந்த வரம்பும் தளர்த்தப்பட்டது. 2025-க்குள் எந்த நேரத்திலும் கால்வாசி ஊழியர்கள் அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று 2020 ஏப்ரலில் அறிவித்த டி.சி.எஸ்., 2023 அக்டோபரில் வாரம் ஐந்து நாளும் வரச் சொன்னது. இந்த ஆட்டத்தில் ஊழியர்கள் தங்கள் வாழ்க்கையை மூன்று முறை மாற்றி அமைத்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போனார்கள். பிள்ளைகளை அங்கே பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

நிலையான ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது என்பதற்கும் சான்று இருக்கிறது. சிட்ரிப் என்ற அதே நிறுவனம் டிரிப்.காம் என்று பெயர் மாறிய பிறகு, புளூமும் சகாக்களும் 1,612 பேரைக் கொண்டு இன்னொரு சோதனை நடத்தி 2024-ல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். இம்முறை வீடு இரண்டே நாள்: புதனும் வெள்ளியும். இரண்டு ஆண்டு பார்த்தும் வேலைத் தரத்திலோ பதவி உயர்விலோ எந்தச் சரிவும் இல்லை. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும், நெடுந்தொலைவிலிருந்து வருபவர்களிடமும், மேலாளர் அல்லாதவர்களிடமும் அந்தப் பலன் தெளிவாகத் தெரிந்தது. வீட்டு நாள்கள் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரிந்தவை, மாறாதவை. மற்ற மூன்று நாளும் டீம் முழுவதும் ஒரே இடத்தில். எந்த நாள்களில் யார் இருப்பார்கள் என்ற கேள்வியே அங்கே எழவில்லை.

ஆகவே மேசைகளைப் பகிரத்தான் வேண்டும் என்றால், டீமுக்கு ஒரு பகுதியை நிலையாகக் கொடுத்து அதற்குள் பகிரச் சொல்லலாம். பன்னிரண்டு பேருக்குப் பத்து மேசை என்று வைத்தால், யார் எங்கே என்று அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், பழைய பி.பி.ஓ. தளங்களில் நடந்தது அதுதான். புதிதாகச் சேர்ந்தவருக்கும், வீட்டில் இடமில்லை என்று சொல்பவருக்கும், உடல்நிலைக் காரணம் உள்ளவருக்கும் நிலையான மேசை தரலாம். சொந்த அறை உள்ள மூத்தவர்கள் அதை விட்டுக்கொடுக்கலாம். பதவியில் உயர்ந்தவருக்கு நிலையான அறை, கீழே உள்ளவருக்குச் சுழலும் சீட் என்று இப்போது இருக்கும் வரிசையைத் தலைகீழாக்கினால் போதும். வீட்டில் ஒரு மூலையை அலுவலகமாக்கிக்கொள்ள வேண்டியவருக்கு நாற்காலி, மின்கட்டணம், இணையம் ஆகியவற்றின் செலவை, மிச்சமான வாடகையிலிருந்து கொடுப்பதே நியாயமான கணக்கு.

மூன்றாவது வழியும் ஒன்று இருக்கிறது, அது பழையது. 1973-ல் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஜாக் நில்ஸ், ஆள் பயணம் செய்வதற்குப் பதில் வேலை பயணம் செய்யட்டும் என்று ஆராய்ந்தபோது, அவர் முதலில் மனத்தில் வைத்திருந்தது ஊழியரின் சாப்பாட்டு மேசையை அல்ல. குடியிருப்புகளுக்கு அருகில் சிறு கிளை அலுவலகங்களை. தமிழ்நாட்டில் சோஹோ நிறுவனம் 2011 முதல் தென்காசி பக்கத்தில் அப்படி ஓர் அலுவலகத்தை நடத்திவருகிறது. கொரோனாவுக்குப் பிறகு சிற்றூர்களில் மேலும் சிலவற்றைத் திறந்தது. வீட்டுக்கு அருகிலேயே, ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு மேசை. சென்னைச் சோதனையில் வீட்டைக் கேட்ட திறமைசாலிகளுக்குத் தேவைப்பட்டது அநேகமாக இதுதான்.

கடைசியாக, கவனிக்கப்படாத ஒரு சட்டப் பிரிவு. 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்றது. மகப்பேறு விடுப்புக்குப் பின், வேலையின் தன்மை இடம் கொடுத்தால், ஒப்புதலின்பேரில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. சட்டம் எழுதப்பட்டபோது வீடும் அலுவலகமும் மாறி மாறி வரும் வாரம் யார் மனத்திலும் இல்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா வர மாட்டார். ஐந்து நாளுக்கும் சம்பளம் கொடுத்தால்தான் வருவார். அடுத்த வாரம் எந்த மூன்று நாள் என்பது வியாழக்கிழமை இரவு சீட் புக்கிங் திறந்த பிறகுதான் தெரியும் என்றால் அந்த ஐந்து நாள் ஆயாவையும் அமர்த்த முடியாது. காப்பகக் கடமையை, அலுவலக வளாகத்தில் ஓர் அறை என்பதோடு நிறுத்தாமல், வீட்டு நாள்களில் ஊழியர் குடியிருக்கும் பகுதியிலுள்ள காப்பகத்துக்கான கட்டணமாகவும் விரிக்கலாம். அலுவலக நாள்களை மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் தந்துவிடும்படி விதி செய்யலாம். இரண்டுக்கும் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை.